விக்ரம் சாராபாய் விட்டுச் சென்ற கணக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பட்டு நெய்வோர், விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டுமுன் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பர். தூறல் விழுந்தால் பாவு கெடும். அடைமழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். அத்தகைய தெருவின் திண்ணையில் அமர்ந்து, சந்திரனுக்குக் கலம் அனுப்பச் சர்க்கார் கோடிக்கணக்கில் செலவிடும் செய்தியைப் படிப்பவருக்கு, இப்பணம் நமக்கு என்ன செய்யும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்வியைத் தேசாபிமானக் குறைவு என்று கண்டிப்போர் உளர். அறியாமை என்று நகைப்போரும் உளர். பாரதத்தின் வானாராய்ச்சியை நிறுவிய டாக்டர் விக்ரம் சாராபாய் இவ்விரண்டையும் செய்யவில்லை. அக்கேள்வியையே தமது பணிக்கு அஸ்திவாரமாக்கிக் கொண்டார்.

அவர் 1919 ஆகஸ்டு 12-ஆம் தேதி ஆமதாபாத்தில், பெரும் ஆலை முதலாளியான அம்பாலால் சாராபாயின் மகனாகப் பிறந்தார். கைத்தறிக்குப் போட்டியாக எழுந்த ஆலைத் துணியே அக்குடும்பத்தின் செல்வம். ஆயினும் நியாயத்தைப் பற்றிய விவாதம் அவ்வீட்டுக்குள்ளேயே நடந்தது. 1915-இல் ஹரிஜனக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதால் உதவியற்றுத் தவித்த காந்தியடிகளின் ஆசிரமத்துக்குப் பெயர் சொல்லாமல் 13,000 ரூபாய் கொடுத்தவர் அம்பாலாலே. 1918-இல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகளின் பக்கம் அம்பாலாலும், தொழிலாளரின் பக்கம் அவருடைய சகோதரி அனசூயா பென்னும் நின்றனர். பின்னாளில் விக்ரமின் தமக்கை மிருதுளா தேச விடுதலைக்காகச் சிறை சென்றார்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த விக்ரம், உலக யுத்தம் மூண்டதால் தாயகம் திரும்பினார். பெங்களூரில் நமது ஸர் சி. வி. ராமனிடம் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1942-இல் அவர் மணந்த மிருணாளினி, சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதனின் மகள். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் தங்கை. விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே சாராபாய் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அதே ஆண்டு தோன்றிய நெசவாலைத் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தையும் தொடக்கத்தில் அவரே நடத்தினார். வானத்துக் கதிரும் நெசவுக் கூடத்து நூலும் அவருக்கு ஒரே விஞ்ஞானத்தின் இரு துறைகளாகவே இருந்தன.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்து, அவர் அதன் தலைவரானார். பூமியின் காந்த மத்தியரேகைக்கு அண்மையில் இருந்தமையால், திருவனந்தபுரத்தையடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வூரார் குடியிருந்த மண்ணையும் வழிபட்ட தேவாலயத்தையும் விட்டுக் கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். தேவாலயம் ஆராய்ச்சிச் சாலையாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் தேதி, அமெரிக்கா அளித்த ஒரு சிறு ராக்கெட் அங்கிருந்து மேலே சென்றது. பாரதத்தின் வானப் பயணத்துக்கு முதல் தியாகம் செய்தவர்கள் ஏழை மீனவர்களே என்பதை மறத்தலாகாது.

அக்காலத்தின் நிலைமை என்ன? 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துத் தேசம் காத்திருந்தது. சோற்றுக்கு அந்நியரிடம் கையேந்தும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று ஒரு சாரார் கேட்டனர். வல்லரசுகளுக்கு நிகராக நாமும் மார்தட்ட வேண்டும் என்பது மற்றொரு சாராரின் ஆசை. சாராபாய் இரு கட்சியிலும் சேரவில்லை. செல்வ நாடுகளோடு சந்திரனுக்கு ஓட்டப்பந்தயம் நடத்துவது நமது நோக்கமன்று என்று அவர் பகிரங்கமாக அறிவித்தார். கிராமத்துக்குக் கல்வி, உழவனுக்கு வானிலை, தூர ஊர்களுக்குத் தந்தி, தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றைச் செயற்கைக்கோளால் விரைவில் தர முடியும். ஏழை நாடாக இருப்பதனாலேயே நமக்கு அது தேவை என்பது அவரது வாதம். அதாவது, அவர் சர்க்காரிடம் பணம் கேட்டபோதே, அப்பணத்தைச் சோதிக்கும் அளவுகோலையும் ஜனங்களின் கையில் கொடுத்துவிட்டார்.

1969 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் பிறந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் பெற்றுக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் நடத்த அதே ஆண்டில் ஒப்பந்தம் செய்தார். அதன் பலனைக் காண அவர் இருக்கவில்லை. 1971 டிசம்பர் 30-ஆம் தேதி, தும்பாவுக்கு அருகே கோவளத்தில், 52-ஆவது வயதில் உறக்கத்திலேயே காலமானார். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம் ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அந்த ஒளிபரப்பைக் கண்டன.

அவரது அளவுகோலைக் கொண்டே இன்று அளந்து பார்ப்போம். 1999-இல் ஒரிஸாவைத் தாக்கிய புயலில் சுமார் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே கரையைக் கடும்புயல் தாக்கியபோது, முன்னறிவிப்பைக் கொண்டு லட்சக்கணக்கானோரை அப்புறப்படுத்தியதால் இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவே. கோளின் கண் மட்டுமன்று, அதன் சொல்லைக் கேட்டுச் செயற்பட்ட நிர்வாகமும் அவ்வுயிர்களைக் காத்தது. 2024-25-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,000 கோடி ரூபாய். மத்திய சர்க்காரின் செலவில் நூறு ரூபாய்க்கு முப்பது காசுக்கும் குறைவு. அதை நிறுத்திவிட்டால் அப்பணம் தானே நடந்து தறி வீட்டுக்கு வந்துவிடாது. ஆனால் தொகை சிறியது என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடவும் முடியாது.

2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரனின் தென்துருவப் பகுதியில் இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்று பெயர். சந்திரப் போட்டி வேண்டாமென்றவரின் பெயர் சந்திரனிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது. தேசம் பெருமைப்பட்டது, அதில் தவறில்லை. எனினும் பெருமையைக் காட்டிக் கணக்கை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

மழை வருமென்று முன்கூட்டி அறிவது ஒன்று. மழையால் நின்ற தறிக்கு நிவாரணம் கிடைப்பது மற்றொன்று. முன்னதை விஞ்ஞானி தருவார். பின்னதைத் தரவேண்டியவர் ஆட்சியாளர். தேச ஊழியர்கள் ராக்கெட்டை எதிர்ப்பதில் தம் சக்தியைச் செலவிட வேண்டியதில்லை. வானத்திலிருந்து வந்த செய்தி ஐயம்பேட்டைத் தெரு வரை வந்ததா, வந்தபின் சர்க்கார் என்ன செய்தது என்று சட்டசபையிலும் பொதுமேடையிலும் கேட்பதே அவர்கள் கடமை. அவ்வாறு கேட்கும் உரிமையைச் சாராபாயே நமக்கு அளித்துச் சென்றார்.