தந்தையாகிய டார்வின்

சார்ல்ஸ் டார்வின் என்றவுடன் நம்மிற் பலர்க்குக் குரங்கின் நினைவே முதற்கண் தோன்றும். வேதத்திற்கு மாறானவர் என்று அவரை வைதொழிவாரும் உளர். அவர் ஒரு குழந்தையின் கட்டிலருகே கழித்த நாட்களை அறிந்தோர் சிலரே.

1809-ம் ஆண்டு பிறந்து, பீகிள் என்னுங் கப்பலில் உலகைச் சுற்றி வந்த அவர், 1839-ல் எம்மா அம்மையாரை மணந்து, பின் டவுண் என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்தார். மக்கள் பதின்மர். மூத்த பெண் ஆனி, 1841 மார்ச்சு 2-ந் தேதி பிறந்தவள். தந்தைக்கென ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்துக்கொண்டு ஓசைபடாமற் படியிறங்கி வருவாள். அவர் தலைமயிரை அரைமணி நேரம் வாரி அழகு செய்வாள். தோட்டத்து நடைவழியில் அவருக்கு முன்னே சுழன்றாடிச் செல்வாள்.

1850-ல் அவளை நோய் பற்றியது. காசநோயாகலாமென்று இக்காலத்தார் கருதுகின்றனர். டார்வின் தாமே முன்னர் மால்வெர்ன் நகரில் கல்லி என்னும் வைத்தியரிடம் நீர்ச்சிகிச்சை பெற்றுத் தேறினவராதலின், 1851 மார்ச்சில் மகளையும் அங்கே கொண்டுபோய் விட்டு வந்தார். ஏப்ரலில் காய்ச்சலும் வாந்தியும் மிகவே, பெரிய வெள்ளிக்கு முந்திய நாள் மீண்டும் விரைந்து சென்றார். நிறைசூலியாயிருந்த எம்மா அம்மையார் உடன்செல்லக் கூடவில்லை. குழந்தை உண்டது, உறங்கியது, நாடியின் நிலை எல்லாவற்றையும் கணவர் நாள்தோறும் எழுதியனுப்ப, அம்மையார் தபாலை எதிர்பார்த்திருந்தார். ஒரு கடிதம் நம்பிக்கை தரும். அடுத்தது அதைப் பறிக்கும். நீர் புகட்டியவர்க்கு நன்றி கூறவும் அக்குழந்தை மறந்திலள். ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை, ஏப்ரல் 23-ந் தேதி, உயிர் நீங்கிற்று.

அடக்கத்திற்குத் தந்தை நிற்கவில்லை. மறுநாளே மனைவியிடம் திரும்பிவிட்டார். இதனைக் குறையென்பார் உண்டு. உயிரோடிருந்து தனியே அழுதவளிடம் சென்றது தவறென எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்திற்குப்பின், அவள் முகமும் நடையும் விளையாட்டும் நினைவினின்று மறையாதபடி அனைத்தையும் எழுதி வைத்தார். அதன்பின் அவள் பெயரை அவர் எடுத்தது மிக அரிது.

அவருடைய விசுவாசம் முன்னரே தளர்ந்திருந்தது. இத்துயரம் அதை முற்றும் அவித்ததென்பார் சிலர். ஒன்றையே காரணமாகக் கூற நான் துணியேன். அதே துயரத்தில் மூழ்கிய அம்மையார் தம் விசுவாசத்தை விட்டிலர்.

1858 ஜூன் 28-ந் தேதி, பேச்சும் நடையும் வாராத கடைசி மகனும் இறந்தான். மூன்றாம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினுடைய கொள்கை முதன்முதல் வாசிக்கப்பெற்றது, அவர் அங்கில்லை.

1882-ல் டார்வின் மறைந்தார். 1896-ல் அம்மையாரும் மறைந்தார். ஆனியின் எழுதுபெட்டியை அம்மையார் இறுதிவரை காத்து வைத்திருந்தார். அதில் அவள் இறகுப் பேனாக்களும் ஒரு சுருள் மயிரும் இருந்தன.