உடுவின் எல்லை கண்ட சந்திரசேகர்

விழா மலர்களிலே சான்றோர் வரலாறுகள் இடம்பெறுதல் வழக்கம். இம்முறை பௌதிக விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் பலர் அவர் பெயரை ஓர் எண்ணோடு சேர்த்து மனனஞ் செய்திருப்பர். அவ்வெண்ணைக் கண்டதனால் அவர் எய்திய துன்பத்தை அறிந்தவர் சிலரே.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இலாகூரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரெயில்வேக் கணக்குப் பகுதியில் உயர் உத்தியோகம் வகித்தவர். தந்தையாரின் தம்பியே நோபல் பரிசு பெற்ற சர். சி. வி. இராமன். தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் நாடகமொன்றைத் தமிழிற் பெயர்த்த கல்விமாட்சி உடையவர். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைக்கு வீடே பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றார். இந்துக் கல்லூரி மாணவராகிய நாம் அப்பள்ளியின் பெயரைக் கேட்டுச் சற்றே உறவு கொண்டாடினாற் குற்றமில்லை.

அவர் விரும்பியது கணிதம். தந்தையார் விரும்பியது பௌதிகமும் பின்னர் சிவில் சேவை உத்தியோகமும். பௌதிகத்திற் பெயரைப் பதிந்துகொண்டு கணித விரிவுரைகளுக்கும் சென்று வந்தார். உத்தியோகத்தைப் பற்றியோ, தன் மனம் விழைவதையே செய்க என்று தாயார் துணை நின்றார். 1928இல் செருமானியப் பேரறிஞர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது இவ்விளைஞர் அவரைச் சென்று கண்டு, தாம் கற்ற அணுக்கொள்கை பழையதாகிவிட்டதென்பதை அறிந்து திகைத்தார். திகைப்பு நீண்டநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவரது கட்டுரை இலண்டன் அரச கழக வெளியீட்டில் வந்தது. வயது பத்தொன்பதைத் தாண்டுமுன் கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்கப் புலமைப்பரிசிலும் கிடைத்தது.

அப்போது தாயார் நோயுற்றிருந்தார். மகன் மீண்டு வரும்வரை தாம் உயிரோடிருத்தல் அரிது என்பதை உணர்ந்தும், போய்வருக என்று அனுப்பியவர் அவரே. 1930ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறிய சந்திரசேகர் ஓகஸ்ட் 19இல் இலண்டன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். மகன் அன்னையின் முகத்தை மீண்டும் காணவில்லை.

கப்பலில் அவர் செய்த கணக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். மார்கழி மாதத்து முன்னிரவில் நம் புத்தளக் கரையில் உச்சமுனை மணற்றிடலில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குச் செந்நிறத் திருவாதிரை தோன்றும். சற்றுப் பிந்தி, வானத்து உடுக்களிலெல்லாம் ஒளிமிக்க சீரியசு தென்கிழக்கில் எழும். அச்சீரியசுக்குக் கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று உண்டு. அதன் திணிவு ஏறக்குறைய ஞாயிற்றின் திணிவு. பருமனோ நம் புவியின் பருமனே. அதிலிருந்து ஒரு சிறங்கை அள்ளினால், உச்சமுனை வள்ளங்கள் எத்தனை சேர்ந்தாலும் அதைச் சுமக்கமாட்டா. இத்தகைய உடுவை வெண்குறளி என்பர். எரிபொருள் தீர்ந்து குளிரும் உடு தன் ஈர்ப்பினால் நொறுங்காது நிற்பது எவ்வாறு? நெருக்குண்ட இலத்திரன்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புக மறுப்பதால் எழும் அமுக்கமே தாங்குகிறது என 1926இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பௌலர் விடை கண்டார். எல்லா உடுக்களுக்கும் அமைதியான முடிவு உண்டு என்று அறிஞர் ஆறுதலடைந்தனர்.

சந்திரசேகர் கேட்ட கேள்வி எளியது. அத்துணை நெருக்கத்தில் இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகுமன்றோ? அங்கே ஐன்ஸ்டைனின் சார்புக்கொள்கையைப் புகுத்தினால் என்ன ஆகும்? உடுவின் ஆரை பாதியாகக் குறைந்தால் அடர்த்தி எட்டு மடங்காகும். ஈர்ப்பைத் தாங்க அமுக்கம் 16 மடங்காதல் வேண்டும். சாதாரண இலத்திரன்கள் 32 மடங்கு அமுக்கந் தரும். ஆகவே வீழ்ச்சி நின்றுவிடும். ஒளிவேகத்தை அணுகியவையோ 16 மடங்கே தரும். எவ்வளவு சுருங்கினாலும் மிச்சம் என்பது இல்லை. ஆதலின் ஒரு குறித்த திணிவுக்கு மேற்பட்ட உடுவை இலத்திரன் அமுக்கம் தாங்கமாட்டாது. முதலில் அவர் பெற்ற எல்லை ஞாயிற்றுத் திணிவின் 0.91 பங்கு, உடுவின் உட்பொருளைத் திருத்தமாகக் கொண்டபின் நிலைபெற்றது 1.44. இதுவே சந்திரசேகர் எல்லை.

1931இல் அக்கட்டுரை அமெரிக்காவில் வெளியாயிற்று, பொருட்படுத்தியவர் சிலரே. 1933இல் கலாநிதிப் பட்டமும் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் பெற்றார். அடுத்த ஆண்டு சோவியத்து நாட்டுக்குச் சென்றபோது, அம்பார்ட்சுமியன் என்னும் இளம் வானியலறிஞர், அண்ணளவை விடுத்து முழுச் சமன்பாட்டையும் எண்முறையால் தீர்க்குமாறு தூண்டினார். அச்சமன்பாட்டுக்குச் சூத்திர வடிவில் விடையில்லை. உடுவின் நடுவில் ஓர் அடர்த்தியைக் கொண்டு, படிப்படியாக வெளியே வந்து, ஒவ்வொரு படியிலும் அமுக்கத்தையும் அடக்கிய திணிவையும் கணித்து, அடர்த்தி பூச்சியமாகும் இடத்தை மேற்பரப்பெனக் கொள்ளவேண்டும். பின்னர் வேறோர் அடர்த்தியுடன் மீண்டும் தொடங்கவேண்டும். இவ்வாறு பத்து உடுக்களைக் கைப்பிடி சுழற்றும் கணிப்பொறி கொண்டு மாதக்கணக்கிற் கணித்தார். கணனியின் முன் அமர்ந்திருக்கும் இக்கால மாணவர் அக்கைப்பிடியைச் சற்றே எண்ணிப்பார்த்தல் நன்று.

அப்பொறியைப் பெற்றுக்கொடுத்தவர் சர். ஆதர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுக் கிரகணத்தில் ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதித்துக்காட்டிய பெரியார். வானியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. இளைஞரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கின் போக்கைக் கேட்டறிந்தார். 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்திலே சந்திரசேகர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். உடனே எடிங்டன் எழுந்து, உடு இவ்வாறு ஓயாது சுருங்குவது அபத்தம் என்றும், அதைத் தடுக்க இயற்கையில் விதி இருந்தே தீரும் என்றும், கணக்கின் அடித்தளமே பிழை என்றும் நகைச்சுவையாகப் பேசினார். சபை சிரித்தது. மறுமொழி கூற இளைஞருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

இவ்விடத்தில் நம் கருத்தை மறையாது கூறுகின்றோம். எடிங்டன் பிழைபட்டது பெருங்குற்றமன்று, பெரியோரும் பிழைபடுவர். மாதக்கணக்காக உடனிருந்து கேட்டும், தம் மறுப்பை முன்னரே கூறாது சபையில் வைத்துக் கூறியதே நமக்கு உவப்பில்லை. அதனினும் உவப்பில்லாதது ஏனையோரின் மௌனம். போர், பௌலி முதலிய அணுவறிஞர் சந்திரசேகரே சரியென்று தனிமையில் ஒப்பினர்; வெளிப்படையாக எழுத முன்வந்திலர். 1942இல் டிராக் முதலிய மூவர் எடிங்டனை மறுத்து எழுதுமுன் ஆண்டுகள் ஏழு கழிந்தன.

சந்திரசேகர் சண்டையிடவில்லை. 1936இல் தம்முடன் மாநிலக் கல்லூரியிற் பயின்ற லலிதா அம்மையாரை மணந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்சு வானாய்வகத்திற் சேர்ந்தார். கரியநிறத்தவர் தம் வளவில் விரிவுரை ஆற்றலாகாதெனப் பீடாதிபதி ஒருவர் தடுத்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் அத்தடையை நீக்கினார். 1939இல் உடுக்களின் அமைப்பைப் பற்றிப் பெருநூலொன்றில் எல்லாவற்றையும் எழுதிவைத்து, அத்துறையை விட்டு நீங்கினார். அன்று தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுத்துறை புகுதலும், அதைக் கற்றுத் தேர்ந்து நூல் எழுதி நீங்குதலும் அவர் வழக்கமாயின. 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிக சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கினார்.

எல்லையைக் கடந்த உடு என்ன ஆகும்? 1938இல் கல்கத்தாவில் தத் என்பவரும், 1939இல் அமெரிக்காவில் ஒப்பன்கைமரும் சினைடரும் சார்புக்கொள்கைவழி தூசுக்கோளத்தின் வீழ்ச்சியைக் கணித்தனர். அமுக்கத்தையும் சேர்த்துக் கணிப்பதற்கு கணனி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1966இல் மேயும் வைற்றும் அமெரிக்காவின் இலிவர்மோர் ஆய்வகத்திலே உடுவைப் படைபடையாக வகுத்து அதன் வீழ்ச்சியைக் கணனியில் நடத்திக் காட்டினர். அணுகுண்டுக்கென எழுந்த கணிப்புமுறைகள் அங்கே உடுவின் இறப்பை ஆராயப் பயன்பட்டமை விந்தையே. திருவாதிரை போன்ற பேருடுவின் நடுவிலே இரும்புக் கரு திரண்டு ஏறக்குறைய சந்திரசேகர் எல்லையை எய்தியதும் ஒரு செக்கனுக்குள் நொறுங்கும். நியூத்திரன் உடுவோ கருந்துளையோ எஞ்சும். 1987இல் அயல் உடுத்தொகுதி ஒன்றில் உடு வெடித்தபோது நியூத்திரினோத் துணிக்கைகள் புவியிற் பதிவாகி அக்கணிப்புகளுக்குச் சான்று பகர்ந்தன.

சந்திரசேகரும் இத்துறைக்கு மீண்டார். ஈர்ப்பு மிக்க கோளங்கள் எதிர்பார்த்ததற்கு முன்னரே நிலைகுலையும் என்பதை 1964இற் காட்டினார். அறுபது வயதைக் கடந்தபின், இதய நோய்க்குச் சத்திரசிகிச்சையும் பெற்றுக்கொண்டு, கருந்துளைகளின் கணிதத்தைப் பேனாவும் தாளும் கொண்டே ஆராய்ந்து 1983இல் நூலாக வெளியிட்டார். நோபல் பரிசு வந்ததும் அவ்வாண்டிலேயே; கப்பற் கணக்குக்கு ஐம்பத்துமூன்று ஆண்டுகள் பிந்தி. அதற்கு முந்திய ஆண்டு எடிங்டனின் நூற்றாண்டு நினைவாகத் திரினிற்றிக் கல்லூரியில் விரிவுரை ஆற்றியவரும் இவரே. எடிங்டனைத் தம் காலத்துத் தலைசிறந்த வானியற் பௌதிக அறிஞர் என்றே அவர் போற்றினார்.

1995ஆம் ஆண்டு, நியூற்றனின் பெருநூலுக்குத் தாம் எழுதிய உரை வெளிவந்தபின், ஓகஸ்ட் 21ஆம் நாள் சிக்காகோவிற் காலமானார். லலிதா அம்மையார் 2013வரை வாழ்ந்தார். 1999ஆம் ஆண்டு யூலை 23இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட எக்சுக் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிட்டனர். அது எடுத்த முதற் படங்களுள் ஒன்று கசியோப்பியாக் குழுவில் வெடித்துச் சிதறிய உடுவொன்றின் எச்சம். அதன் நடுவிலே, அதுவரை எவருங் காணாத ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. நொறுங்கிய கரு அது.