காமராசர்

கு. காமராசர் (ஜூலை 15, 1903 – அக்டோபர் 2, 1975) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல் தலைவரும் ஆவார். 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பதவி வகித்தார். பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் பரப்பியமை இவரது முதன்மையான பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமை

விருதுப்பட்டியில் (இன்றைய விருதுநகர்) குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். வீடுதோறும் திரட்டப்பட்ட பிடியரிசியின் துணையுடன் நடத்தப்பட்ட சத்திரிய வித்தியாசாலையில் பயின்றார். சிறுவயதிலேயே தந்தையை இழந்ததால் படிப்பு இடையில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் காங்கிரசில் இணைந்து பலமுறை சிறை சென்றார்.

மதிய உணவுத் திட்டம்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 1920களிலேயே மதிய உணவு வழங்கப்பட்டது. எனினும் சிற்றூர்களுக்கு அது எட்டவில்லை. மானாவாரி நிலங்களை நம்பியிருந்த சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வறிய குடும்பத்துச் சிறுவர்கள் பள்ளியை விடுத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளுக்குச் சென்றனர். காமராசர் 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பசியுள்ள பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை உணர்ந்த இவர், 1956 இல் எட்டயபுரத்தில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவில் ஒரு பகுதியை அரசும் எஞ்சியதை ஊர்மக்களும் ஏற்றனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இதற்குத் துணைநின்றார். 1960களில் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால்பொடி முதலியவற்றை வழங்கியது.

உணவின் புரதச் சத்து

அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காடே உண்டு. லைசின் என்னும் அமினோ அமிலமும் குறைவு. பருப்பில் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதுடன் லைசினும் மிகுதி. எனவே சோற்றுடன் சாம்பார் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆயினும் தொடக்ககால மதிய உணவு பெரும்பாலும் பசியாற்றுவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது.

1982 இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் இது சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ 6 கிராம் புரதம் கொண்ட முட்டை, மு. கருணாநிதி ஆட்சியில் 1989 இல் இருவாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2010 இல் வாரத்துக்கு ஐந்தானது.

மறைவு

1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் காலமானார். 1976 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. இவரது பிறந்தநாள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.