மைசூர் திவான் ஸர் விசுவேசுவரய்யா

நம் இலுப்பூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கலிங்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. கண்மாய் நிரம்பி மிகுநீர் வழிந்தோடுவதைக் கண்டு மனம் பொறாமல், கலிங்குக் கற்களினிடையே பலகையும் மண்ணும் வைத்து ஒரு முழம் கூடுதலாகத் தேக்குவதுண்டு. நள்ளிரவில் வெள்ளம் வந்து, அடைப்பை எடுக்க ஆளில்லையாயின் கரையே போய்விடும். இச்சங்கடத்திற்குப் பெரிய அணைகளிலே யந்திரப் பரிகாரங் கண்டவர் ஸர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினைப் போல், ராஜ்ய நிர்வாகமும் யந்திர நுட்பமும் ஒருவரிடமே கூடியிருந்தன.

மைசூர் ராஜ்யத்து முத்தேனஹள்ளியிற் பிறந்த இவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கிடைத்த சிறு பொருளைக்கொண்டு பெங்களூரிற் படித்து, 1881-இல் பி.ஏ. தேறினார். பூனாவில் எஞ்சினீயரிங் கற்று, 1884-இல் பம்பாய் மராமத்து இலாகாவில் அமர்ந்தார்.

பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா ஏரியில் அதிக நீரைத் தேக்க வேண்டியிருந்தது. அணையையே உயர்த்துவதெனின் பெருஞ்செலவு. இவரோ, மிகுநீர் செல்லுமிடத்தில் 1903-இல் தாமே இயங்கும் கதவுகளைப் பொருத்தினார். குறித்த மட்டத்திற்கு மேல் நீர் ஏறினால் அவை திறந்துகொள்ளும், வடிந்தால் மூடிக்கொள்ளும். காவற்காரன் உறங்கினாலும் கதவு உறங்காது!

1909-இல் மைசூரின் தலைமை எஞ்சினீயரானார். 1911-இல் காவேரியின் குறுக்கே கிருஷ்ணராஜ ஸாகர வேலை தொடங்கிற்று. கீழே தஞ்சைக் குடிகளுக்கு நீர் குறையுமென்று சென்னை அரசாங்கம் ஆக்ஷேபித்தது. அவ்வச்சம் வீணென்று நாம் சொல்லமாட்டோம். 1924-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1934-இல் மேட்டூர் அணையும் முடிந்தது.

1912 முதல் 1918 வரை திவானாயிருந்தார். மைசூர் பாங்கியும் (1913), மைசூர் ஸர்வகலாசாலையும் (1916) அக்காலத்தவை. யுத்தத்தால் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்படவே, உள்நாட்டிலேயே தைலமும் சோப்பும் செய்யும் சாலைகள் எழுந்தன.

ஒரு விஷயத்தில் நாம் அவருடன் மாறுபடுகிறோம். பின்தங்கிய வகுப்பாருக்கு உத்தியோகங்களில் இடம் ஒதுக்குவதை ஆராய, மஹாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் மில்லர் கமிட்டியை நியமித்தார். தகுதி குன்றுமென்று திவான் எண்ணினார். அபிப்பிராய பேதம் முற்றிப் பதவியைத் துறந்தார். பள்ளிக்கூட வாசலையே அண்மையில் மிதித்த குடும்பங்களிடம் தலைமுறைக் கல்வியின் தகுதியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மஹாராஜா கொண்ட கருத்தே சரியென்பது நம் துணிபு. ஆயினும், கொள்கைக்காகத் திவான் பதவியையே விட்டவரை இகழவும் நமக்கு மனம் வரவில்லை.

பத்ராவதி இரும்புச்சாலை 1923-இல் தொடங்கி நஷ்டத்தில் தத்தளித்தபோது, அதே மஹாராஜாவின் அரசாங்கம் அழைக்க, மனஸ்தாபம் பாராட்டாது வந்து அதனை ஒழுங்குபடுத்தினார். 1955-இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962-இல் பெங்களூரிற் காலமானார்.