ஆண்டிபட்டி சொன்ன தீர்ப்பு

சினிமாப் பைத்தியங்கள்! தமிழ்நாட்டு ஏழை எளிய மக்களைப் பார்த்து மேதாவிகள் சிலர் நெடுங்காலமாக வீசிவரும் வசைச்சொல் இது. வேடத்தையும் வாழ்வையும் பிரித்தறியத் தெரியாதவர்கள், வெள்ளைத் திரையைக் கண்டு வாக்குச் சீட்டை வீணாக்கியவர்கள் என்று பேசுகிறார்கள்; ஏடுகளிலும் எழுதுகிறார்கள். அதற்கு அவர்கள் கூண்டிலேற்றும் முதல் சாட்சி ஆண்டிபட்டி. 1984ல், பிரசாரத்துக்கு ஒரு நாள்கூட வராமல், கடல் கடந்த நாட்டில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த எம்.ஜி.ஆரை வெற்றிபெறச் செய்த ஊரல்லவா அது!

அவர்கள் ஏளனம் செய்யட்டும். நாம் அந்த மனிதரின் வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். பிறகு முடிவு கட்டுவோம், யார் பைத்தியம் என்று.

1917 ஜனவரி 17 அன்று, இலங்கை மலைநாட்டு நாவலப்பிட்டியில் பிறந்தார் அவர். விவரம் தெரியாத வயதிலேயே தந்தை கோபாலன் கண்மூடினார். தாய் சத்தியபாமா இரு பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, நிறுத்தியது வறுமை. அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தது கலைத் தாகத்தால் என்று எவரும் எண்ண வேண்டாம். அங்கே வேளைக்குச் சோறு கிடைக்கும்!

1936ல் 'சதிலீலாவதி' படத்தில் சிறு வேடம். அதன்பின் பதினொரு ஆண்டுகள் காத்திருப்பு. 1947ல் 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனபோது வயது முப்பது. 1958ல் தேடிய பொருளையெல்லாம் கொட்டி, தாமே தயாரித்து, தாமே இயக்கிய 'நாடோடி மன்னன்' வந்தது. நாடோடி ஒருவன் அரியணையில் அமர்கிறான், ஏழைகளுக்காகச் சட்டம் இயற்றுகிறான் என்பது கதை. உழைக்கும் மக்கள் அதை வெறும் கதையாகப் பார்க்கவில்லை. தங்கள் கோரிக்கைப் பட்டியலாகவே பார்த்தார்கள்.

அடுத்து வந்த படங்களின் பெயர்களைப் பாருங்கள். 'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'ரிக்ஷாக்காரன்', 'உழைக்கும் கரங்கள்', 'மீனவ நண்பன்'. அதுவரை ராஜாக்களும் ரிஷிகளும் உலாவிய திரையில் உழைப்பவன் தலைநிமிர்ந்து நடந்தான். ஆண்டிபட்டி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். வானம் பார்த்த பூமி அது. தறிக்குழியில் காலை முதல் மாலை வரை கால் மிதிக்கும் நெசவாளி; மழை பொய்த்தால் பிழைப்புத் தேடிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் கேரள மலைத் தோட்டங்களுக்கும் போகும் கூலியாள். பகலெல்லாம் பண்ணையாரிடமும் வட்டிக்காரனிடமும் கைகட்டி நின்றவன், இரவிலே டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து, தன்னைப் போன்றவன் அநீதியைத் தட்டிக் கேட்பதைப் பார்த்தான். வயிறு நிறையவில்லைதான். ஆனால், கைகட்டி நிற்பது தலைவிதி என்ற எண்ணம் கொஞ்சம் ஆட்டங் கண்டது. அது அற்பமா?

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் தோட்டா கழுத்தில் பாய்ந்தது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். உயிர் மீண்டது, பழைய குரல் மீளவில்லை. அவர் இரவல் குரல் வாங்கவில்லை. 'காவல்காரன்' படத்தில் அந்தச் சிதைந்த குரலிலேயே பேசினார். இயந்திரத்தில் விரலை இழந்தும், கட்டுப் பிரித்ததும் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளிக்கு அதன் பொருள் சொல்லித் தெரிய வேண்டுமா?

1972ல் தனிக் கட்சி கண்டார். 1977ல் முதலமைச்சர் ஆனார். சினிமா மயக்கமே எல்லாம் என்போர் இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1980 ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், தமிழ்நாட்டின் 39 இடங்களில் அவருடைய கட்சிக்கு மக்கள் கொடுத்தது வெறும் 2! மறு மாதம் அவருடைய ஆட்சியே கலைக்கப்பட்டது. அதே மக்கள் அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலில் அவரை மீண்டும் கோட்டைக்கு அனுப்பினார்கள். மயங்கிக் கிடந்தவர்கள் செய்யும் வேலையா இது?

1982 ஜூலை முதல் நாள், சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. காமராசர் ஊன்றிய மதிய உணவு விதை பெருமரமாயிற்று. பசியால் பள்ளியை விட்ட சிறுவன், பள்ளிக்கு வரும் சிறுவர்களின் பசியை மறக்கவில்லை. ஆண்டிபட்டித் தாய்மார்கள் அதைத் திரையில் பார்க்கவில்லை. பிள்ளையின் தட்டிலே பார்த்தார்கள்.

1984 அக்டோபரில் அவர் நோயில் விழுந்தார். நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். புரூக்ளின் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இங்கே, 1968ல் வந்த 'ஒளி விளக்கு' படத்தில், தீக்காயத்தால் துடிக்கும் நாயகனுக்காக ஒரு பெண் இறைஞ்சும் பாட்டு கொட்டகை தோறும் ஒலித்தது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவருக்காகக் கோயிலிலும் மசூதியிலும் தேவாலயத்திலும் கைகள் குவிந்தன. அவர் கட்டிலில் அமர்ந்திருக்கும் வீடியோப் படம் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு. இந்திரா காந்தி கொலையுண்ட துயரமும் கூட்டணியின் பலமும் சேர்ந்திருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், பெட்டியைத் திறந்தபோது ஆண்டிபட்டி பெரும் வித்தியாசத்தில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

அவருடைய ஆட்சியில் குறையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. திரையிலே குடியைப் பழித்த நாயகனின் அரசுதான் 1981ல் மதுக்கடைகளைத் திறந்தது. 1983ல் டாஸ்மாக்கைத் தோற்றுவித்தது. படத்தில் கைதட்டிய அதே பெண்கள், கூலி கரைந்து வரும் கணவனைக் கண்டு வயிறெரிந்தார்கள். 1986 உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய கட்சி பெரும்பாலான நகராட்சிகளை இழந்தது. நாயகன் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே திரையில் கற்றுக்கொடுத்த அளவுகோலால், அவரையே மக்கள் அளந்தார்கள்!

1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். ஆண்டிபட்டி வாக்களித்த நாளிலிருந்து சரியாக மூன்று ஆண்டுகள். மறையும்வரை அந்தத் தொகுதியின் உறுப்பினர் அவரே.

தோழர்களே! கொட்டகையிலிருந்து வெளியே வரும் தொழிலாளியைக் கண்டு நகைக்காதீர்கள். இருட்டில் மூன்று மணி நேரம் அமர்ந்து அவன் கொண்டுவருவது என்ன என்று கேளுங்கள். நல்லவன் எப்படி நடப்பான், பசித்தவனுக்கு ஆட்சி என்ன செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை அவன் கொண்டுவருகிறான். இன்றும் திரையிலிருந்து கோட்டை நோக்கிப் புறப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை அளக்கவும் அவனிடம் அளவுகோல் இருக்கிறது. பிள்ளையின் தட்டில் என்ன விழுந்தது, கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்று அவன் பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் வாக்களிப்பான்!