பராந்தக சோழனும் உத்தரமேரூர் ஏரியும்

சோழ நாட்டை ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆண்டவன் முதலாம் பராந்தகன். தந்தை ஆதித்தன் பல்லவரிடமிருந்து வென்ற தொண்டை மண்டலமும் சேர்ந்த அரசு, கி.பி. 907-ல் அவன் கைக்கு வந்தது. மதுரையின் மீது படை எடுத்தான், வென்றான். மதுரை கொண்டான் என்ற பட்டம் பெற்றான். தோற்ற பாண்டியன் ராஜசிம்மன், குலமுடியை எடுத்துக்கொண்டு ஈழத்துக்கு ஓடினான். சோழர் படை கடல் தாண்டிச் சென்றும் அந்த முடி மட்டும் கிடைக்கவில்லை.

தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த புகழும் பராந்தகனுக்கு உண்டு. புள்ளமங்கைக் கோயிலின் எழில்மிகு சிற்பங்கள் அவன் காலத்துக் கலைச் செல்வங்கள். ஆனால் உலகம் இன்று அவன் பெயரைச் சொல்வது வாளுக்காகவும் அல்ல, பொன்னுக்காகவும் அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் உள்ள இரண்டு கல்வெட்டுகளுக்காக!

ஏரியும் தோட்டமும்

வற்றாத ஆறு இல்லாத பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி வைத்தால்தான் சோறு. ஆகவே பல்லவர் காலத்திலேயே அங்கு பெரிய ஏரி அமைந்தது. தந்திவர்மனின் பட்டப் பெயரால் அதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர். ஏரியும், வயலும், தோட்டமும், கோயிலுமாக ஊர் வகுக்கப்பட்டது. இந்த அழகு தானாக நிற்காது. வண்டல் சேர்ந்தால் ஏரி தூர்ந்து போகும். ஏரி தூர்ந்தால் தோட்டம் காயும். பின்பு கோயிலில் விளக்கு எரியாது.

இதைக் காக்கும் வாரியங்கள் பராந்தகனுக்கு முன்பே இருந்தன. அவற்றுக்கு ஆள் சேர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியதுதான் அவன் காலத்துச் சாதனை. 919-ல் அரசனின் ஆணையுடன் அதிகாரி வந்து உடனிருக்க, சபை விதிகளை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921-ல், அவற்றைத் திருத்தியது. அவை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்டன.

ஊரில் 30 குடும்புகள். குடும்புக்கு ஒருவராகக் குடவோலையில் 30 பேர். முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர், கல்வியிலும் வயதிலும் மூத்தவர் ஆகியோரிலிருந்து 12 பேர் ஆட்டை வாரியத்துக்கு. அடுத்த 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டவனுக்கே ஊரை நடத்தும் தகுதி என்பது எத்தனை நுட்பமான ஏற்பாடு! பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மறுபடி இடமில்லை.

குறையும் இருந்தது. சபை வேதம் கற்ற, நிலமுடைய அந்தணரின் சபை. பெண்களின் பெயரும், மண் சுமந்த உழவரின் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை.

தக்கோலம்

முதுமையில் பராந்தகனுக்கு இடி விழுந்தது. 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில், பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. 955 வாக்கில் பராந்தகனும் மறைந்தான். கன்னரதேவன் என்ற பெயரில் அந்தக் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டுகள் உத்தரமேரூரிலேயே உள்ளன. கொடி மாறியது, சபை கலையவில்லை.

வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப் பெயர். அந்தப் பெயரால் அமைந்த வீரநாராயண ஏரியே இன்றைய வீராணம். 2004 முதல் அதன் நீர் சென்னைக்கும் குடிநீராக வருகிறது. வென்ற நாட்டை அவன் வாழ்நாளிலேயே இழந்தான். ஏரியோ ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் தாகம் தீர்க்கிறது. தூர் எடுக்க ஆளும், கணக்குக் கேட்க ஊரும் இருக்கும் வரை அது தீர்க்கும்.