கணக்குக் கேட்டவர்

விருதுநகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் தே. கல்லுப்பட்டி உள்ளது. அதற்குத் தெற்கே கரிசல் நிலம் சிவகாசி வரை விரிந்து கிடக்கிறது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் பூமி அது. மழை பொய்த்தால் உழவர் வீட்டில் அடுப்பு எரியாது. 1923ஆம் ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதும், பின்னர்ப் பட்டாசுத் தொழில் வேரூன்றியதும் இந்த வறட்சியின் பின்னணியில்தான். நிலம் கைவிட்ட குடும்பங்கள் தீக்குச்சியையும் மருந்தையும் நம்பி வாழத் தொடங்கின. இந்த வானம்பார்த்த பூமியின் விளிம்பில், 1940இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஒரு முதியவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். இலண்டனில் கணக்காயர் பட்டமும் நியூயார்க்கில் பொருளியல் பட்டமும் பெற்ற அவர், அண்டை ஊர்களின் கிணற்றையும் எருக்குழியையும் செக்கையும் பற்றி உழவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவரே ஜே. சி. குமரப்பா.

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். வீட்டில் விவிலியமும் ஒழுங்கும் ஒருசேர ஊட்டப்பட்டன. இளமையில் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்ற அவர், முதல் உலகப் போர் முடிந்த பின் தாயகம் திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். ஆங்கிலேயர் பாணி உடை, ஆங்கிலேயர் பாணி உணவு, கைநிறைய வருவாய் என வாழ்க்கை சீராகவே சென்றது. அவர் அப்படியே இருந்திருந்தால் பம்பாயின் செல்வர்களுள் ஒருவராக மறைந்திருப்பார்.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927இல் மேற்படிப்புக்காக அங்குச் சென்ற அவர், இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது குறித்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். செய்தித்தாளில் வந்த அதன் சுருக்கத்தைப் படித்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு தூண்டினார். குமரப்பா ஆங்கிலேய அரசின் வரவுசெலவுக் கணக்குகளைத் தணிக்கையாளரின் கண்ணோடு புரட்டினார். மக்களிடம் பெற்ற வரி எங்கே போயிற்று, யாருக்காகச் செலவாயிற்று என்று பார்க்கப் பார்க்க, தாம் இதுவரை மதித்துவந்த பேரரசு ஏழைகளின் உழைப்பை உறிஞ்சி வளர்ந்தது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. மேடையில் எழுந்த ஆவேசம் அவரை மாற்றவில்லை; எண்களே மாற்றின. மேலைநாட்டு மோகத்தில் தோய்ந்திருந்த ஒருவரை அரசாங்கத்தின் கணக்கேடே தேசியவாதியாக்கியது வியப்புக்குரியது.

1929ஆம் ஆண்டு மே மாதம், தம் ஆய்வுக் கட்டுரையுடன் சபர்மதிக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். விலையுயர்ந்த உடை அணிந்து வந்தவர், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த காந்தியடிகளின் எதிரே தாமும் தரையிலேயே அமர்ந்தார். அக்கட்டுரை 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது. கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, முன்னோர் பெயரான குமரப்பாவை ஏற்றார், கதருக்கு மாறினார். கிறித்து மீது கொண்ட பற்றை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இறுதிவரை அவர் கிறித்தவரே.

குசராத்தின் மாத்தர் வட்டத்தில் 54 ஊர்களின் பொருளாதார நிலையை அவர் ஆராய்ந்தார். ஊர் ஊராகச் சென்று உழவரின் வரவையும் செலவையும் நிலவரியையும் திரட்டிய அந்த ஆய்வு, கிராம ஆய்வுகளுக்கு முன்மாதிரியாயிற்று. இதற்கிடையே 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. ஆயுதம் ஏந்தாத தொண்டர்களின் தலையில் காவலர்கள் தடியால் அடித்தனர். அடிபட்டவர்கள் கையை ஓங்கவில்லை. காந்தியடிகள் கைதானபின் 'யங் இந்தியா'வில் எழுதும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றிருந்தார். நாட்டிலிருந்த கிறித்தவத் தொண்டர்களும் வெளிநாட்டுச் சமயப் பணியாளர்களும் அப்போது பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

குமரப்பாவால் அந்த மௌனத்தைப் பொறுக்க முடியவில்லை. அன்பையும் அகிம்சையையும் போதித்த ஒருவரின் பெயரைத் தாங்கியவர்கள், அதே வழியில் நடப்போர் அடிபடும்போது எவ்வாறு வாளாவிருக்கலாம் என்று இதழின் வழியே வெளிப்படையாக வினவினார். அப்போது இந்தியத் திருச்சபையின் தலைமைப் பேராயராகக் கல்கத்தாவில் இருந்தவர் ஃபாஸ் வெஸ்ட்காட். சட்டமறுப்பு கிறித்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்பது பேராயரின் நிலைப்பாடு. குமரப்பா அதை ஏற்கவில்லை; பேராயருக்கும் தயங்காமல் மறுமொழி எழுதினார். ஆட்சியாளருக்குப் பணிதல் வேறு, இறைவனுக்குப் பணிதல் வேறு. இரண்டும் மோதும்போது எதைக் கைவிடுவது என்பதில் கிறித்தவனுக்கு ஐயம் எழலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். பிற சமயத்தினர் திருச்சபையைக் குறைகூறுவது எளிது. அதன் மடியில் வளர்ந்த ஒருவர், அதன் தலைமையையே நோக்கி, அதன் மறைநூலையே அளவுகோலாகக் கொண்டு கேள்வி எழுப்புவது எளிதன்று. உறவும் நட்பும் கசக்கும் என்பதை அறிந்தே அவர் எழுதினார். எழுத்துக்கு விலையாகச் சிறை வந்தது. 1931இல் ஒருமுறை சிறைப்பட்டு, காந்தி – இர்வின் உடன்பாட்டால் விடுதலையானார். அடுத்த ஆண்டு மீண்டும் சிறைப்பட்டு நாசிக்கில் நீண்ட காலம் இருந்தார். இவ்விரண்டு சிறைவாசத்திற்கும் இடையே, இந்தியாவின் மீது சுமத்தப்பட்ட பொதுக்கடனைக் காங்கிரசின் சார்பில் ஆராய்ந்த குழுவில் பணியாற்றினார். 1857 எழுச்சியை அடக்கிய செலவையும் எல்லைக்கு அப்பால் நடந்த போர்களின் செலவையும் இந்திய ஏழைகளின் தலையில் கட்டியது முறையாகாது என்று அக்குழு கணக்கோடு காட்டியது.

அயலாரிடம் கணக்குக் கேட்பவர் பலர். தம்மவரிடமும் கேட்பவர் சிலரே. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவிற்கு நாடெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. அந்நிதியின் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறிதும் பெரிதுமாக வந்து குவியும் பொதுப்பணம் எங்கெங்கே கசியும் என்பதைத் தணிக்கையாளர் அறியமாட்டாரா? ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வேண்டும் என்றார். தொண்டர் ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம் அது.

அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பீகாருக்கு வந்தார். அவருக்குப் பழமும் பாலும் வேண்டும். உடன் வந்தோர் பலர். பயணம் செய்ய மோட்டார் வண்டியும் தேவை. எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று அணா எம்மாத்திரம்? வேறொருவராக இருந்தால் காந்தியடிகளின் வருகையைச் சிறப்புச் செலவு என எழுதிக் கணக்கை முடித்திருப்பார்; கேட்பார் எவருமில்லை. குமரப்பாவோ, வரையறுத்த தொகைக்கு மேல் துயர்துடைப்பு நிதியிலிருந்து ஒரு காசும் தர இயலாது என்று மகாதேவ தேசாயிடம் அறிவித்துவிட்டார். இடிபாடுகளுக்கிடையே நிற்கும் மக்களுக்கென வந்த பணம், தம் தலைவருக்கே ஆனாலும் வேறு வழியில் செல்லக்கூடாது என்பது அவர் கணக்கு. காந்தியடிகள் இதில் குற்றம் காணவில்லை. குழுவின் செலவுக்கு வேறு வழி தேடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அமைந்தபோது, அதனை நடத்தும் செயலாளராக வார்தாவில் பொறுப்பேற்றவரும் இந்தக் குமரப்பாவே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரை மீண்டும் அவரைச் சிறைக்கு அனுப்பியது. அரசு மக்களிடமிருந்து தானியத்தையும் துணியையும் வாரிக்கொண்டு, கைமாறாக அச்சடித்த தாளைத் தருகிறது. பணவீக்கம் என்பது பண்பட்ட முறையில் நடக்கும் கொள்ளை என்பதே அதன் கருத்து. அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைத் தருவதாக நற்செய்தியில் வரும் உவமையையே அக்கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். நாணயச் செலாவணி பற்றிய ஒரு கட்டுரைக்கு மலைப்பொழிவிலிருந்து தலைப்பு எடுத்தவர் அவராகத்தான் இருக்கக்கூடும். சபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்த நிலையில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளையும் நடைமுறைகளையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. பிறர் உழைப்பைப் பறித்து வாழும் முறைக்குக் குரங்கையும், தன் குஞ்சுக்காக எதையும் எதிர்பாராமல் உழைக்கும் முறைக்குத் தாய்ப்பறவையையும் இரண்டாம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர், அவை ஒரே மனத்தின் இரு கிளைகள் என்பதை உணர்வர். இரண்டிற்கும் காந்தியடிகளே முன்னுரை எழுதினார்.

விடுதலை வந்தபின் குமரப்பாவுக்குப் பதவிகள் எட்டாதவை அல்ல. காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைவராக இருந்து, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே தரகர் எவரும் இருத்தலாகாது என 1949இல் அறிக்கை அளித்தார். ஆயினும் புதிய ஆட்சியாளர் பழைய ஆட்சியாளரின் மாளிகைகளில் குடியேறியது அவர் நெஞ்சை உறுத்தியது; அதை மறைக்காமல் எழுதினார். தில்லியில் ஒருமுறை அவர் சென்ற குதிரை வண்டி, குறிப்பிட்ட சாலையில் செல்லக்கூடாதெனக் காவலரால் தடுக்கப்பட்டது. இதுபற்றி நேருவிடம் முறையிட்டார். விரைந்து செல்லும் இராணுவ ஊர்திகளால் வண்டிக்காரர்களுக்குத் தீங்கு நேராதிருக்கவே இந்தத் தடை என்று விளக்கம் கிடைத்தது. அப்படியானால் தீங்கு செய்யும் ஊர்தியை அல்லவா தடுக்க வேண்டும், தீங்குக்கு ஆளாகும் ஏழையை ஏன் தடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. நண்பர்கள் சிலர் அவரைப் பிடிவாதக்காரர் என்றனர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. முன்கோபமும் கடுஞ்சொல்லும் அவரிடம் இருந்தன. ஆனால் அவர் சினந்த இடங்களில் எல்லாம் ஓர் ஏழையின் பங்கு குறைந்திருக்கும்.

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அவர், இரத்த அழுத்தத்தால் உடல் தளர்ந்து 1950களில் கல்லுப்பட்டிக்கு வந்தார். ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் கூறினர். அவரோ கரிசல் காட்டு ஊர்களின் நீர்நிலைகளையும் கைத்தொழில்களையும் பற்றித் தொண்டர்களுக்கு வழிகாட்டி வந்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் உயிர் பிரிந்தது.

அவரது குடிலின் சுவரில் காந்தியடிகளின் படம் இருந்தது. அதனுடன் ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தது. காண வந்தவர்கள் அவர் யாரென வினவினால், காந்தியடிகளைத் தம் தலைவர் என்றும் அந்த உழவரைத் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் குமரப்பா அறிமுகம் செய்துவைப்பார்.